ஒரு முழ உயரத்தில் ஒரு காடு

அன்புள்ள கயல்,

பொங்கல் விடுமுறையில் நீயும் உன் தோழிகளும் கோடியக்கரைக்கு வருவதாக உன் அப்பா போனில் சொன்னான். “அண்ணே, அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்க்க என்ன இருக்கு?” என்றும் கேட்டான். அவனுக்குப் பதில் சொல்லி ஆகப்போவதில்லை. நடக்கப்போகிறவள் நீ. அதனால் உனக்கே எழுதிவிடுகிறேன்.

மலை ஏறுகிறவர்களுக்கு உயரத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம். வாங்குகிற மூச்சே சொல்லிவிடும். கோடியக்கரையில் அந்த வசதி கிடையாது. வேதாரண்யத்திலிருந்து தெற்கே கடல் வரைக்கும் நிலம் ஒரே மட்டமாகத்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அந்த மட்டத்துக்குள்ளேயே ஒரு முழம் ஏறினால் காடு, ஒரு முழம் இறங்கினால் உப்புச் சேறு. காடு, புல்வெளி, சதுப்பு, கடற்கரை என்று நீ அடுத்தடுத்துப் பார்க்கப்போகிற நான்கையும் பிரித்து வைத்திருப்பது அந்தச் சின்ன உயர வித்தியாசமும், அதனால் மண்ணில் ஏறுகிற அல்லது இறங்குகிற உப்பும்தான். ஆகவே பறவைப் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு வராதே. நடக்க நடக்க இரண்டு கேள்வி போதும்: சற்றுமுன் நின்ற இடத்தைவிட இது மேடா, பள்ளமா? காலுக்கடியில் இருப்பது நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா?

முதலில் கொஞ்சம் நடைமுறை. கோடியக்கரை 1967இல் வெளிமானைக் காப்பதற்காக அறிவிக்கப்பட்ட சரணாலயம். நினைத்த இடத்தில் நுழைந்து நடக்கக் கூடாது. கோடியக்காட்டில் வனத்துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்கி, அவர்கள் அனுப்பும் ஆளோடு போங்கள். எந்தப் பகுதியில் காலால் நடக்கலாம், எதில் வண்டியோடு சரி என்பதை அவர்கள் சொல்கிறபடி கேளுங்கள். தண்ணீரையும் பருவத்தையும் பொறுத்து அது மாறும். விடிவதற்கு முன்பே கிளம்பிவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் கானல் எழுந்துவிட்டால் தூரத்தில் நிற்பது நாரையா கட்டையா என்றே தெரியாது. மங்கின நிறத்தில் முழுக்கை உடை, கால்விரல் மூடிய பழைய கேன்வாஸ் ஷூ, தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். ஷூ பாழாகும், அதற்குத்தான் பழையது என்றேன். தின்பண்டத்தைப் பைக்குள்ளேயே வையுங்கள். அங்கிருக்கும் குரங்குகளுக்கு பிஸ்கட் பொட்டலத்தின் சரசரப்பு நன்றாகவே தெரியும். பாட்டுப் பெட்டி கொண்டுவருகிற தோழி யாராவது இருந்தால் அவளை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள், உன் பெரியம்மாவுக்குப் பேச்சுத்துணையாக இருப்பாள்.

வேதாரண்யத்திலிருந்து தெற்கே வரும்போது முதலில் வருவது அகஸ்தியம்பள்ளி. சாலையோரம் கண்ணுக்கு எட்டும் மட்டும் உப்பளம். பெரும்பாலோர் இதை வழியில் கடந்துபோகிற இடமாகத்தான் நினைக்கிறார்கள். நீங்கள் வண்டியை நிறுத்தி இறங்குங்கள். உன் பாடம் இங்கேதான் தொடங்குகிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதை ஒரு பெரிய பாத்தியில் தேக்கி, வெயிலில் சுண்டவிட்டு, அடுத்த பாத்திக்கு மாற்றி, அங்கும் சுண்டவிட்டு, கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்காகக் குறையும்போதுதான் சோற்றுப்பு படியத் தொடங்கும். பாத்திக்குப் பாத்தி தரைமட்டம் விரற்கடையளவு மாறுகிறதே, அது தற்செயல் அல்ல. தண்ணீர் தானாகவே வழிந்து அடுத்த கட்டத்துக்குப் போகும்படி உப்பளத்தார் அமைத்தது. சரணாலயத்தில் இயற்கை செய்திருப்பதை இங்கே மனிதர்கள் வரப்புக் கட்டிச் செய்கிறார்கள். நடுத்தர உப்புள்ள பாத்திகளில் மீன் பிழைக்காது. ஆனால் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத உப்பு இறால் பெருகும். அதைத் தேடிப் பறவைகள் உப்பளத்துக்குள்ளேயே வந்து இறங்குவதும் உண்டு. நீ வருகிற தை மாதத்தில் மழைநீரை வடித்துவிட்டுப் பாத்திகளைத் தயார் செய்துகொண்டிருப்பார்கள். வரப்பில் ஏறி நடக்காதே. ஒரு வரப்பு உடைந்தால் பல நாள் உழைப்பு போய்விடும்.

இந்த உப்புக்கு ஒரு வரலாறும் உண்டு. 1930இல் உப்புச் சட்டத்தை மீறுவதற்காக ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கி, 28ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு இங்கே எல்லாமாக நின்றவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. 30ஆம் தேதி உப்பு அள்ளிய இடம் இந்த அகஸ்தியம்பள்ளிதான், நினைவுத்தூண் இருக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் இதைப் படித்திருப்பாய். புத்தகம் சொல்லாதது, ஏன் இந்த ஊர் என்பது. இந்தப் பள்ளத்தில் வெயில் காலத்தில் உப்பு தானாகவே தரையில் பூக்கும். ஒருவர் குனிந்து அள்ளினாலே போதும், சட்டத்தை மீறியாகிவிட்டது.

இனி காடு. கோடியக்காட்டில் குழகர் கோயில் இருக்கிறது. இந்த ஊர் இறைவனைப் பார்த்து, இப்படிக் காட்டிலே தன்னந்தனியாக இருக்கிறாயே என்று இரங்கிப் பாடினார் சுந்தரர். அப்போதே இது ஆள் நடமாட்டம் குறைந்த காடு என்பதற்கு அதுவே சான்று. கோயிலைத் தாண்டி உள்ளே போனதும் மரங்கள் உனக்கு ஏமாற்றமாக இருக்கலாம். வால்பாறைக் காட்டைப் பார்த்த கண்ணுக்கு இவை குட்டை. கிளைகள் முறுக்கிக்கொண்டு, இலைகள் சின்னதாய், தடிப்பாய், தோல் மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றைக் கவனி: பச்சை மாறாத காடு இது. ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி மாதங்களெல்லாம் வெயிலும் உப்புக் காற்றும். அப்படிப்பட்ட இடத்தில் மரம் இலையை உதிர்த்துவிட்டுக் காத்திருக்கலாம். அல்லது இலையைச் சிறிதாக்கி, தடிப்பாக்கி, நீரை விடாமல் பிடித்துக்கொண்டு பசுமையாகவே நிற்கலாம். இந்தக் காடு இரண்டாவது வழியில் போனது. விசாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ராமநாதபுரம் வரைக்கும் கடலோரம் முழுக்க ஒரு காலத்தில் இந்த வகைக் காடு இருந்தது. இன்றைக்கு மிச்சமிருப்பவை துண்டு துண்டுகள்; அவற்றில் பல, கோயில்காடு என்பதால் கோடரிக்குத் தப்பியவை. கோடியக்கரைக் காடு அவற்றில் பெரியதொரு துண்டு.

இங்கே ராஜா பாலை மரம். மெல்ல வளரும், ஆனால் வைரம் பாய்ந்த மரம். உலக்கை செய்ய அதைத்தான் தேடுவார்கள். கோடையில் மஞ்சளாகச் சின்னச் சின்னப் பழம் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். தித்திப்பு, ஆனால் பால் உதட்டில் ஒட்டும். தை மாதத்தில் அது உனக்குக் கிடைக்காது. நாவல், காரை, சூரை எல்லாம் அடையாளம் தெரிந்துகொள். புதரில் கைவைக்கும் முன் சங்கஞ்செடி எது என்று கேட்டுக்கொள். கணுவுக்கு நான்கு முள், நான்கும் நேராக வெளியே பார்க்கும். இந்தக் காட்டில் மூலிகை அதிகம் என்று சித்த வைத்தியர்கள் சொல்வார்கள். அதற்காக இலையைக் கிள்ளிக் கொண்டுவராதே, சரணாலயத்தில் ஒரு சருகைக்கூட எடுக்க அனுமதியில்லை.

கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நாவல் மரம் எப்படி நிற்கிறது? இதை யோசிக்காமல் காட்டைக் கடந்துவிடாதே. நீ நிற்பது பழைய மணல்மேடு. கடல் எப்போதோ ஒதுக்கிப் போட்ட மணல் வரிசை வரிசையாகக் கிடக்கிறது. வரிசைகளுக்கு நடுவே பள்ளம். மணலில் விழுகிற மழை ஓடாது, உள்ளே இறங்கிவிடும். கீழே ஏற்கெனவே கடல்நீர் ஊறியிருக்கிறது. நல்ல தண்ணீர் அதைவிட லேசு என்பதால், குழம்பின் மேல் எண்ணெய் நிற்கிற மாதிரி அதன்மேல் நிற்கும். இதற்கு ஒரு கணக்கே உண்டு: கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரைக்கும் நல்ல தண்ணீர் இருக்கும். மேட்டில் நிற்கிற நல்ல தண்ணீர் ஒரு சாண் உயர்ந்தால் கீழே எவ்வளவு தண்ணீர் கூடுகிறது பார்! கடலோர மணலில் கையளவு தோண்டி ஊற்றெடுத்துக் குடித்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் ஆழமாகத் தோண்டக் கூடாது, தோண்டினால் உப்பு வந்துவிடும் என்பது தெரியும். நாவல் மரத்து வேருக்கும் அதேதான் தெரிந்திருக்கிறது. மேட்டிலிருந்து மணலை வண்டி வண்டியாக அள்ளுகிறவர்களும், ஆழ்துளை போட்டு இரவும் பகலும் மோட்டார் ஓட்டுகிறவர்களும் மட்டும் அதைத் தெரிந்துகொள்ள மறுக்கிறார்கள்.

விழுந்து கிடக்கும் பெரிய மரங்களைக் காண்பாய். 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. அன்றைக்கு எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகள் படுத்தவை படுத்தவைதான். காட்டிலும் மரங்கள் சரிந்தன; மான்களும் இங்கே திரிகிற மட்டக்குதிரைகளும் செத்துக் கரை ஒதுங்கின. ஆனால் விழுந்த மரத்தின் அடியைக் கவனி: வேரில் கொஞ்சம் மண்ணைப் பிடித்திருந்தாலும் பக்கத்தில் துளிர் கிளம்பியிருக்கும். சாய்ந்த மரத்தை அப்புறப்படுத்தாமல் விட்டதைப் பார்த்து, காட்டைச் சுத்தமாக வைத்திருக்கவில்லையே என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வார்கள். மரங்கொத்தியையும் உடும்பையும் கேட்டால் வேறு கருத்து சொல்லும்.

காட்டுக்குள் பேசாமல் பத்து நிமிடம் உட்காருங்கள். சருகைப் புரட்டுகிற சத்தம் கேட்டால் அது ஆறுமணிக்குருவியாக இருக்கலாம். கட்டை வாலும், பச்சை முதுகும், இறக்கையில் நீலத் திட்டும், வயிற்றடியில் சிவப்புமாக, இவ்வளவு நிறத்தை வைத்துக்கொண்டு சருகுக்குள் ஒளிந்து புழு பொறுக்குகிற பறவை. விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஐப்பசி வாக்கில் தெற்கே வருகிறது. சில பறவைகள் இங்கே தங்கும், சில கடலைத் தாண்டி இலங்கைக்குப் போகும்.

ராமர் பாதம் என்கிற மணற்குன்றில் ஏறிப் பார்க்க மறக்காதே. ராமன் நின்று இலங்கையைப் பார்த்த இடம் என்பது ஐதீகம். கல்லில் பாதம் இருக்கிறது, வணங்குகிறவர்கள் வணங்குவார்கள். சரணாலயத்திலேயே உயரமான இடம் இதுதான். எவ்வளவு உயரம் தெரியுமா? நான்கு மீட்டர் வாக்கில். எங்கள் வீட்டு மொட்டைமாடி அளவுக்குத்தான் வரும். அங்கிருந்து சுற்றிலும் பார்த்தால் நான் சொல்கிற மேடும் பள்ளமும் கண்ணுக்குப் புலப்படும்: மரத்தலைகள் அடர்ந்த பட்டை மேடு, மரம் திடீரென்று அற்றுப்போய் மஞ்சள் புல் தொடங்குகிற கோடு, உப்பு மேலேறுகிற இடம், அதற்கும் அப்பால் பளபளவென்று கிடப்பது சதுப்பு. இலங்கை தெரியாது. நேர்க்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் இருக்கிறது.

குன்றிலிருந்து இறங்கிப் புல்வெளிக்கு வந்தால் வெளிமான். ஆணுக்கு மேலே கறுப்பும் கீழே வெள்ளையும், திருகின கொம்பு. பெண்ணுக்குக் கொம்பில்லை, மணல் நிறம். வெட்டவெளியில் வாழ்கிற மான் இது. எதிரி வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஓடுவதுதான் அதற்குப் பாதுகாப்பு. ஓட்டத்தில் மணிக்கு 80 கிலோமீட்டர் வரை போகக்கூடியது. அதனால் அதற்குப் புதர் ஆகாது. ஓரிடத்தில் புழுக்கை குவியலாகக் கிடந்தால் காலால் தட்டாதே; அது ஓர் ஆண்மான் இது என் எல்லை என்று திரும்பத் திரும்ப வந்து இட்டது. மேய்கிற மான் தலையைத் தூக்கினால் நீ நெருங்கிவிட்டாய் என்று பொருள், நின்றுவிடு. ஒரு மான் அந்தரத்தில் துள்ளினால் நீ ஏற்கெனவே தப்புச் செய்தாகிவிட்டது, மொத்தக் கூட்டமும் கிளம்பிவிடும். நல்ல படம் வேண்டும் என்று இன்னும் பத்தடி, இன்னும் பத்தடி என்று போகிறவர்கள் வாங்கிவருவதெல்லாம் மானின் பின்புறப் படம்தான்.

இந்தப் புல்வெளிக்கு இரண்டு தொல்லை. ஒன்று சீமைக்கருவேலம். அதன் நெற்று இனிப்பாக இருப்பதால் மானே தின்று, விதையைத் தன் புழுக்கையோடு சேர்த்துப் போட்டு, தான் வெறுக்கிற புதரைத் தானே விதைத்துக்கொண்டு போகிறது. வனத்துறை வெட்டுகிறது, அது மறுபடி முளைக்கிறது. மற்றொன்று மட்டக்குதிரைகள். எப்போதோ வீட்டில் வளர்த்தவை கைவிடப்பட்டுக் காட்டுக்குதிரையாகிவிட்டன. வருகிறவர்கள் மானைவிடக் குதிரையைப் பார்த்துத்தான் கைதட்டுகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கோடையில் புல்லும் குட்டைத் தண்ணீரும் அளவாக இருக்கும்போது, அவை மேய்கிற ஒவ்வொரு வாயும் மானின் பங்கிலிருந்து போவது. எனக்கு அந்தக் குதிரைகள் மேல் கோபமில்லை. அவற்றை இந்த இடத்தின் சின்னமாக்கிப் படம் போடுகிறவர்கள் மேல்தான் கொஞ்சம் உண்டு.

இப்போது சதுப்பு. உன் அப்பா கேட்டானே அந்தக் கேள்வி, அது இந்த இடத்தைப் பார்த்துக் கேட்டதுதான். வெறும் பொட்டல், நாற்றமடிக்கிற சேறு, உச்சிவெயிலில் கண் கூசும். இந்தப் பொட்டல்தான் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் சேர்த்து 38,500 எக்டேர் பரப்புக்கு 2002இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலுக்குப் போன முதல் ஈரநிலம். சரணாலயத்துக் காடும் மானும் அதில் அடக்கம் என்றாலும், உலகத்தின் கண்ணை இங்கே திருப்பியது சேறுதான்.

ஒரு சாண் இறங்கியதும் மரம் போய், புல் போய், உமரி மட்டும் நிற்பதைப் பார்ப்பாய். தண்டும் இலையும் சதைப்பற்றாக, சில மாதங்களில் செக்கச்செவேலென்று சிவந்துபோகும். உப்பை விலக்காமல் தனக்குள்ளேயே நீரோடு சேர்த்து வைத்துக்கொள்ளும் செடி. அதற்கும் கீழே உமரியும் கிடையாது. மழைக்காலத்தில் மேலேயிருந்து வருகிற வெள்ளமும் கடல்நீரும் கலந்து இந்தப் பள்ளம் ஏரியாகிவிடும். பாக் நீரிணையில் ஓதம் ஏறி இறங்குவது குறைவு. தண்ணீரின் ஓரத்தை நகர்த்துவதில் காற்றுக்கும் பெரிய பங்கு உண்டு. நிலம் அவ்வளவு தட்டையாக இருப்பதால், பலமான காற்று ஒருநாள் ஒரே பக்கமாக அடித்தாலே தண்ணீர் வெகுதூரம் ஒதுங்கிவிடும். நேற்று தண்ணீராக இருந்த இடம் இன்றைக்கு ஈரச்சேறு. பறவைக்கு வேண்டியது இந்த ஓரம்தான்: காய்ந்த தரையுமில்லை, ஆழத் தண்ணீருமில்லை.

தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடு தெரிந்தால் பூநாரை. கட்ச் ரண் பகுதியில் குஞ்சு பொரிக்கிற பறவை. குளிர்காலத்தில் இங்கே கூட்டமாக நிற்கும். தலையைக் கவிழ்த்து, அலகின் மேல்பாகம் தரைப்பக்கம் போகும்படி தண்ணீரில் விட்டு, நாக்கை வேகமாக இயக்கிச் சேற்றுத்தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ளும். அலகின் ஓரத்திலுள்ள சீப்புப்பல் அமைப்பில் சிற்றுயிர்கள் மட்டும் தங்கிவிடும். அந்தச் சிவப்பு நிறமும் அதன் தீனியிலிருந்து வந்ததுதான். கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் சில நிற்கும். அவை இளசுகள், இன்னும் நிறம் ஏறவில்லை. பறவை போனபிறகு சேற்றில் வட்ட வட்டமாகத் தடம் கிடந்தால், அது நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி மிதித்து இரையைக் கிளப்பியதின் அடையாளம்.

எல்லோரும் பூநாரையோடு திரும்பிவிடுவார்கள். நீ அதன் காலுக்கடியில் பார். சிட்டுக்குருவி அளவில், சாம்பலும் வெள்ளையுமாகச் சேற்றைக் குத்திக்கொண்டு ஓடுகிற கூட்டம் கொசு உள்ளான். எடை 25 கிராம் வாக்கில்தான் இருக்கும். அது குஞ்சு பொரிக்கிற இடம் சைபீரியாவின் வடகோடியில், ஆர்க்டிக் பக்கம். ஆகஸ்ட், செப்டம்பரிலேயே இங்கே வரத் தொடங்கிவிடும். பங்குனி, சித்திரையில் உடம்பில் கொழுப்பேற்றிக்கொண்டு திரும்பும். அதன் பக்கத்தில் நீண்ட அலகுள்ள மூக்கன், அதைவிட நீண்டு வளைந்த அலகோடு கோட்டான், சற்றுத் தள்ளித் தண்ணீரில் அலகைப் பக்கவாட்டில் வீசிக்கொண்டு கரண்டிவாயன். ஒரே சேற்றில் இத்தனை பேர் சண்டையில்லாமல் தின்பதற்குக் காரணம் அலகின் நீளம். மேல் ஈரத்தில் இருப்பது உள்ளானுக்கு, நாலு விரல் கீழே புதைந்திருக்கும் புழு மூக்கனுக்கு, வளைக்குள் போய்விட்ட நண்டு கோட்டானுக்கு. உயரம் என்று நான் தொடக்கத்திலிருந்து சொல்லிவந்தது இங்கே விரற்கடைக் கணக்காகிவிட்டது.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளை வலையில் பிடித்து, காலில் எண் பொறித்த மெல்லிய வளையம் போட்டு விடுகிறார்கள். அதே எண் வேறொரு நாட்டில் அகப்பட்டால் பாதை தெரிந்துவிடும். எங்கேயாவது வளையத்தோடு இறந்த பறவை கிடந்தால், எண்ணை அப்படியே எழுதி, வளையத்தைப் படமெடுத்து வனத்துறையிடம் சொல்.

எண்ணிப் பழகு. கூட்டத்தைப் பார்த்ததும் “ஆயிரக்கணக்கில்” என்று எழுதிவிடாதே. ஓரத்தில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள். அதைப்போல் பத்து அடைத்தால் நூறு. நூறை வைத்துக் கூட்டத்தை அளந்துகொண்டு போ. நீயும் உன் தோழியும் ஒருவர் கணக்கை ஒருவர் பார்க்காமல் எழுதி, பிறகு ஒப்பிடுங்கள். முதலில் பாதிக்குப் பாதி வித்தியாசம் வரும், அன்றைக்கே மூன்றாவது கூட்டத்தில் நெருங்கிவிடும்.

சேற்றில் காலை வைப்பதைப் பற்றி: கல்கி 1950இல் தொடங்கிய ‘பொன்னியின் செல்வ’னில் வந்தியத்தேவன் கோடிக்கரைச் சேற்றில் மாட்டிக்கொண்டு பூங்குழலி காப்பாற்றுவாள் அல்லவா, அது கதை. ஆனால் அந்தச் சேறு கதையல்ல. மேலே காய்ந்து பாளம் வெடித்திருக்கும், கீழே களி. மினுமினுக்கிற இடத்தில் கால் வைக்காதே. அழைத்துப் போகிறவர் மிதித்த இடத்திலேயே மிதி. முழங்கால் வரை இறங்கிவிட்டால் ஒரு காலை வெடுக்கென்று இழுக்காதே, மற்றது இன்னும் இறங்கும். பின்பக்கமாக உட்கார்ந்து உடம்பின் கனத்தைப் பரப்பி, காலை மெல்ல அசைத்துத் தளர்த்தி எடு. உடுப்பு போனால் போகட்டும்.

கடற்கரைக்குப் போகும்போது தரை மறுபடியும் மேலேறும். அலையும் காற்றும் குவித்த புது மணல். இதைப் பிடித்து வைத்திருப்பவை இரண்டு செடிகள். ஒன்று ஊதாப்பூ அடும்பு, கொடியாக ஓடிக் கணுவுக்குக் கணு வேர் விடும். மற்றது இராவணன் மீசை, குத்துகிற இலை. காய்ந்த கதிர் உருண்டையாகக் கழன்று காற்றில் மணல்மேல் உருண்டோடிப் போகுமிடமெல்லாம் விதைக்கும். காற்று கொண்டுவருகிற மணல் இவற்றில் தட்டி நின்று மேடாகிறது. மேடு மழையைப் பிடிக்கிறது. நெடுங்காலம் கழித்து அதன்மேல்தான் பாலை நிற்கும். நீ காலையில் நடந்துவந்த காட்டின் தொடக்கம் இந்தக் கொடி என்று எண்ணிக்கொண்டு அதை மிதிக்காமல் தாண்டிப் போ.

கோடியக்கரையில் கரை திரும்புகிறது. கிழக்கே வங்காள விரிகுடா, அலை ஓங்கி வரும். மேற்கே வளைந்தால் பாக் நீரிணை, கலங்கி, ஆழமற்று, பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். இரண்டையும் ஒரே நடையில் பார்க்கலாம். ஆனால் குளிக்க இறங்காதீர்கள். சோழர் காலத்தது என்று சொல்லப்படும் பழைய கலங்கரை விளக்கத்தின் செங்கல் எச்சத்தையும் பார்க்கலாம். 2004 சுனாமி அதை உடைத்துவிட்டது.

தை, மாசி, பங்குனி மாதங்கள் பங்குனி ஆமை முட்டையிடும் காலம். கடலிலிருந்து மணல்மேட்டை நோக்கி அகலமாக இழுத்துப் போன தடமும், திரும்பிப் போன தடமும் சேர்ந்து காணப்பட்டால், நடுவே கலைந்த மணலில் முட்டை இருக்கக்கூடும். நூறு, நூற்றிருபது முட்டை இட்டுவிட்டு ஆமை போய்விடும். 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும். மணலின் சூடு எவ்வளவு என்பதைப் பொறுத்து ஆணா பெண்ணா என்பது அமையும். நரியும் நாயும் தோண்டிவிடும் என்பதால் வனத்துறையினர் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். தடம் பார்த்தால் தோண்டாதே, அவர்களிடம் சொல். இறந்த ஆமையும் ஒதுங்கியிருக்கலாம். பல வலையில் சிக்கி மூச்சு முட்டிச் செத்தவை. ஆமையும் மூச்சு விட மேலே வர வேண்டும்.

இந்தப் பருவத்தில் கரையோரம் தற்காலிகக் குடிசைகள் நிறைய இருக்கும். ஐப்பசியிலிருந்து பங்குனி வரை மீன்பிடிக்க வெளியூர் மீனவர்கள் குடும்பத்தோடு வந்து தங்குவார்கள். ஏலம் நடக்கும்போது குறுக்கே நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். மற்றபடி என்ன மீன், எந்தக் காற்றுக்கு எது கிடைக்கும் என்று கேளுங்கள், மரியாதையாகக் கேட்டால் பொறுமையாகச் சொல்வார்கள். காற்றைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட எனக்குத் தெரியாது. கையில் காசு மிச்சமிருந்தால் பெரியம்மாவுக்குக் காலாக் கருவாடு அரைக்கிலோ வாங்கிவா; இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டு, இல்லாவிட்டால் பஸ்ஸில் உங்களை ஏற்றமாட்டார்கள்.

அன்புடன்,
பெரியப்பா